பயிற்சியா? கூலிக் குறைப்பா?

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு பகல் முழுவதும் சுற்றி வருகின்றவர்களுக்கு ஒரு வினோதம் கண்ணில் படாமல் போகாது. ஒருபக்கம் பனியன் கம்பெனி வாசல்களிலும், சுவர்களிலும், மின்சாரக் கம்பங்களிலும் “டெய்லர் தேவை, செக்கிங் ஆள் தேவை, பேக்கிங் ஆள் தேவை” என்று அட்டைகள் தொங்குகின்றன. மற்றொரு பக்கம், பள்ளிக்கூடப் படிப்பை முடித்தும் முடிக்காமலும் வெளிவந்த வாலிபர்கள், “எங்கே போனாலும் வேலை தெரியுமா என்று கேட்கின்றார்கள், வேலை கொடுத்தாலல்லவா தெரிந்து கொள்ளுவோம்?” என்று சொல்லிக்கொண்டு டீக்கடை ஓரத்தில் நிற்கின்றார்கள். முதலாளியைக் கேட்டால் ஆள் இல்லை என்கின்றார். ஆளைக் கேட்டால் வேலை இல்லை என்கின்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. வேலைக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகின்றது. அதன்மேல் போடவேண்டிய பாலத்துக்குத்தான் தொழிற் பயிற்சி என்று பெயர். அந்தப் பாலத்தை யார் போடுவது, யார் யார் அதன்மேல் நடக்கலாம், நடப்பதற்குச் சுங்கம் யார் கொடுப்பது என்பவைதான் நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும்.

பயிற்சி வேண்டாமென்று சொல்லுவதற்காக இதை எழுத வரவில்லை. பயிற்சி மிகவும் வேண்டியதே. ஆனால் பயிற்சி என்ற பேரைச் சொல்லிக்கொண்டு மூன்று விதமான புரட்டுகள் நம் நாட்டில் நடந்து வந்திருக்கின்றன. ஒன்று பரம்பரைப் புரட்டு. மற்றொன்று கல்யாணப் புரட்டு. மூன்றாவது கணக்குப் புரட்டு. இவைகளைத் தெரிந்துகொள்ளாமல், எந்தச் சர்க்கார் பயிற்சித் திட்டம் என்று எதை நீட்டினாலும் கைதட்டுவது பகுத்தறிவுள்ளவர்களுக்கு அழகல்ல.

பனியனுக்கு ஜாதி ஏது?

திருப்பூரில் முதன்முதலாகப் பின்னல் கம்பெனி வைத்தவர் குலாம் காதர் என்பவர் என்றும், அது 1925-ம் வருஷத்தில் என்றும் இத்தொழிலின் சரித்திரத்தை எழுதினவர்கள் குறிக்கின்றார்கள். அதற்குப்பின் சுமார் 100 வருஷத்தில் அவ்வூர் உலகத்துக்கே உடுப்புக் கொடுக்கும் ஊராகிவிட்டது. 2024-25-ம் வருஷத்தில் அங்கிருந்து கப்பலேறிய சரக்கு மாத்திரம் சுமார் 40,000 கோடி ரூபாய் பெறும். ஏற்றுமதிக்குப் போக மிஞ்சியதும், உள்நாட்டுச் சரக்குமே காதர்பேட்டைக் கடைகளில் மலைபோல் குவிந்து கிடக்கின்றன.

இத்தொழிலில் ஒரு விசேஷம் இருக்கின்றது. நெசவுக்கு ஒரு ஜாதி, பானைக்கு ஒரு ஜாதி, செருப்புக்கு ஒரு ஜாதி, சிரைப்புக்கு ஒரு ஜாதி என்று எழுதிவைத்த சாஸ்திரக்காரர்கள், பனியன் பின்னுவதற்கு ஒரு ஜாதியை எழுதிவைக்க மறந்துவிட்டார்கள். ஏனென்றால் அவர்கள் காலத்தில் பனியன் கிடையாது. ஆதலால் இது எந்த வகுப்பாருக்கும் பாத்தியமில்லாத தொழில். எல்லோரும் சமமாக நுழைந்திருக்கவேண்டிய தொழில். அப்படி நடந்ததா என்று பார்த்தால், ஜாதியானது முன்வாசல் வழியாக வரமுடியாமற்போகவே, பயிற்சி என்னும் பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்து கொண்டது.

எப்படியென்றால், அக்காலத்தில் அங்கே தொழில் கற்பதற்குப் பள்ளிக்கூடம் ஒன்றுமில்லை. ‘கைமடி’யாகச் சேரவேண்டும். அதாவது, தைக்கின்றவருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கவேண்டும், தைத்ததை எடுத்து அடுக்கவேண்டும், பிசிறு வெட்டவேண்டும். டெய்லர் சாப்பிடப் போகின்ற அரைமணி நேரத்தில் மெஷினில் உட்கார்ந்து மிதித்துப் பழகவேண்டும். அந்த அரைமணி நேரந்தான் காதர்பேட்டையின் சர்வகலாசாலை. அந்தச் சர்வகலாசாலையில் இடம் கொடுப்பவர் யார்? டெய்லர். அவர் யாருக்குக் கொடுப்பார்? தன் தம்பிக்கு, மைத்துனனுக்கு, தன் ஊர்ப் பையனுக்கு. பிறகு அவன் நாலு மெஷின் போட்டுக் காண்டிராக்ட் எடுக்கவேண்டுமென்றால் கடன் கொடுப்பவர் யார்? பங்காளி, சம்பந்தி, அவர்கள் ஜாமீன்.

ஷரத் சாரி என்னும் ஆராய்ச்சியாளர் இவ்வூரைப்பற்றி 2004-ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். கூலிவேலையிலிருந்து கம்பெனிச் சொந்தக்காரர்களாக ஏறியவர்களில் பெரும்பாலோர் கொங்குக் கவுண்டர் குடியானவக் குடும்பத்தினர் என்றும், தங்கள் உயர்வுக்குக் காரணம் தங்கள் ‘உழைப்பே’ என்று அவர்கள் சொல்லுகின்றார்கள் என்றும் அவர் அதில் எழுதியிருக்கின்றார். அவர்கள் உழைத்தார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. மறுப்பது நன்றிகெட்டதனமாகும். ஆனால் நாம் கேட்பது என்னவென்றால், அதே தெருவில் அதே பன்னிரண்டு மணி நேரம் உழைத்த ஆதிதிராவிடத் தோழரின் உழைப்பு ஏன் அவரைக் கம்பெனிச் சொந்தக்காரராக்கவில்லை? இருபது வருஷம் நின்றகால் நிற்க செக்கிங் பார்த்த பெண்ணின் உழைப்பு ஏன் அவளை ஒரு கட்டிங் மாஸ்டராகக்கூட ஆக்கவில்லை? உழைப்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான். மாமன் மச்சான் மாத்திரம் ஒரு பக்கத்தில்தான் இருந்தார்கள்.

ஆகவேதான் பொதுவில் நடத்தப்படும் பயிற்சி அவசியமென்கின்றோம். மாமன் இல்லாதவனுக்குச் சர்க்கார் மாமனாக இருக்கவேண்டும். மைத்துனன் இல்லாதவளுக்கு நகரசபை மைத்துனனாக இருக்கவேண்டும். வரிப்பணம் வாங்குவது இதற்கல்லாமல் வேறு எதற்கு?

பரம்பரைப் புரட்டு

1953-ம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் ராஜகோபாலாச்சாரியார் முதன்மந்திரியாக இருந்தபோது ஒரு கல்வித் திட்டம் வந்தது. கிராமப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் தினம் மூன்று மணி நேரம் மாத்திரம் படித்தால் போதும். மிச்ச நேரத்தில் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். சக்கிலியர் பிள்ளை செருப்பைப் பார்க்கட்டும், வண்ணார் பிள்ளை துணியைப் பார்க்கட்டும் என்பதே அதன் அர்த்தம். குலக்கல்வி என்று ஜனங்களே அதற்குப் பெயர் வைத்துப் பெரிய கிளர்ச்சி செய்தார்கள். 1954-ல் காமராஜர் முதன்மந்திரியாக வந்தவுடன் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அது செத்து 70 வருஷம் ஆயிற்றே, இப்போது எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2023-ம் வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி டில்லி சர்க்கார் ‘விஸ்வகர்மா’ என்று புராணப் பேர் வைத்து ஒரு திட்டம் தொடங்கியது. தச்சு, கொல்லு, குயவு, சலவை, சிரைப்பு, தையல் முதலாகிய 18 தொழில்களுக்குப் பயிற்சி. பயிற்சி நாளில் தினம் 500 ரூபாய். கருவிகளுக்கு 15,000 ரூபாய். குறைந்த வட்டிக்குக் கடன். பணம் கொடுப்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. இன்னும் அதிகமாகக் கொடுத்தாலும் சந்தோஷமே. ஆனால் குரு சிஷ்ய பரம்பரையையும், குடும்பத் தொழில் வழக்கத்தையும் பலப்படுத்துவதே நோக்கம் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். குடும்பத்தின் பரம்பரைத் தொழிலாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை எடுக்கவேண்டும், 18 வயது என்பதை 35 ஆக்கவேண்டும் என்று தமிழ்நாட்டுச் சர்க்கார் கேட்டது. சம்மதம் கிடைக்காததால், இத்திட்டத்தை இந்த ரூபத்தில் நடத்தமாட்டோம் என்று 2024 நவம்பரில் முதன்மந்திரி டில்லிக்கு எழுதினார். பிறகு 2025 ஏப்ரலில், ஜாதி பரம்பரை பாராமல், 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 25 தொழில்களில் உதவுவதாகக் ‘கலைஞர் கைவினைத் திட்டம்’ தொடங்கப்பட்டது.

18 வயதில் ஒரு பையன் கல்லூரிக்குப் போகவேண்டியவன். அந்த வயதில் அவன் கையில் தகப்பன் பிடித்த கத்தியையும் கூடவே கடனையும் வைத்தால், அவன் எங்கே போவான்? 35 வயதில், தானே ஒரு தொழிலில் நிலைத்துவிட்டவருக்கு உதவுவது வேறு. 18 வயதில் தொழிலையே பிறப்பைப் பார்த்துக் காட்டுவது வேறு. முன்னது உதவி, பின்னது மனுதர்மம். டாக்டர் மகனுக்கு டாக்டர் பரம்பரை என்று தினம் 500 ரூபாய் கொடுத்து ஐந்து நாள் பயிற்சியில் டாக்டராக்குகின்றார்களா? இல்லை. பரம்பரை என்ற பெருமை எப்போதும் கீழே இருப்பவனுக்குத்தான் இனாமாகக் கிடைக்கின்றது.

கல்யாணப் புரட்டு

இது எல்லாவற்றிலும் கொடுமையானது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் ஜில்லாக்களின் நூற்பு மில்களில் சுமார் முப்பது வருஷங்களுக்குள் பரவியது ‘சுமங்கலித் திட்டம்’ என்பது. தெற்கே வானம் பார்த்த பூமியிலுள்ள ஏழைக் குடும்பங்களுக்குப் புரோக்கர்கள் போவார்கள். “உங்கள் பெண்ணை மூன்று வருஷம் அனுப்புங்கள், மில்லிலேயே தங்கலாம், சாப்பாடு உண்டு, தொழில் கற்றுக் கொடுப்போம், முடிவில் 30,000, 50,000 என்று மொத்தமாகக் கொடுப்போம், கல்யாணத்துக்கு ஆகும்” என்பார்கள். போன பெண்ணுக்குப் பெயர் தொழிலாளி அல்ல, ‘பயிற்சி பெறுபவர்’. தொழிலாளியல்லாததால் தொழிலாளியின் கூலியும் இல்லை. மூன்று வருஷம் முடிவதற்குள் உடம்பு முடியாமல் வெளியே வந்தால், அந்த மொத்தத் தொகையும் பெரும்பாலும் இல்லை. நெதர்லாந்து தேசத்து அமைப்புகள் இரண்டு இதை ஆராய்ந்து 2011 மே மாதத்தில் வெளியிட்ட பிறகுதான், அந்த நூலில் செய்த உடுப்பை வாங்கும் சீமைக் கம்பெனிகளுக்கே கொஞ்சம் கூச்சம் வந்தது.

ஒரு நூற்பு மெஷினுக்கு அறுந்த நூலை முடிச்சுப்போடக் கற்றுக்கொள்ள மூன்று வருஷம் ஆகுமா என்று நாம் கேட்கின்றோம். மூன்று வருஷம் படித்தால் ஒரு பெண் பி.ஏ. பாஸ் செய்துவிடுவாள். நூல் முடிச்சுக்கு மூன்று வருஷம் என்றால் அது பயிற்சியல்ல; பாதிக் கூலிக்கு ஆள் பிடிக்கும் சூழ்ச்சியே.

இந்த நாட்டில் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ம் வருஷத்தில். அப்ரண்டிஸ் சட்டம் வந்ததும் அதே 1961-ம் வருஷத்தில்தான். வரதட்சணை வாங்குவது குற்றம் என்று ஒரு சட்டம். தொழில் பயிலுகின்றவரை எப்படி நடத்தவேண்டும் என்று மற்றொரு சட்டம். சுமங்கலித் திட்டமோ வரதட்சணையைக் காட்டிப் பெண்ணைப் பிடித்து, பயிலுகின்றவள் என்று சொல்லிக் கூலியைப் பிடித்து, ஒரே கல்லில் இரண்டு சட்டத்தையும் அடித்தது. சுமங்கலி என்ற பேரைக் கவனியுங்கள். புருஷன் உயிரோடிருப்பது பெண்ணுக்கு ஒரு பட்டம்! ஆணுக்கு அப்படி ஒரு பட்டம் உண்டா? பெண்டாட்டி உயிரோடிருக்கும் ஆணுக்குச் ‘சுமங்கலன்’ என்று பேர் வைத்து எந்த மில்காரராவது ஒரு திட்டம் போட்டதுண்டா? பெண்ணுக்குத் தன் பிழைப்பு என்று ஒன்று தேவையில்லை, புருஷனை வாங்கப் பணம் தேவை என்ற எண்ணம் நம் தலையில் இருந்ததால்தான், மில்காரரின் கை நம் வீட்டுக்குள் நீண்டது. அந்தக் கதவைத் திறந்துவிட்டவர்கள் பெற்றோர்களாகிய நாமே.

இதற்கு எதிரானதையும் சொல்லவேண்டும். மூவலூர் இராமாமிர்தத்தம்மையார் பேரால் ஏழைப் பெண்களுக்குக் கல்யாண உதவித் திட்டம் ஒன்று 1989-ல் ஏற்பட்டது. பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2022-ல் அதை மாற்றி, சர்க்கார் பள்ளியில் படித்து வந்த பெண்கள் பட்டப்படிப்போ, டிப்ளமோவோ, ஐ.டி.ஐ. தொழிற்கல்வியோ படித்து முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய் என்று செய்தார்கள். தாலிக்குப் போன பணம் படிப்புக்குத் திரும்பியது. ஒரே பணம், ஒரே பெண்; நோக்கம் மாறியவுடன் பலன் மாறுகின்றதல்லவா? பயிற்சித் திட்டமும் இப்படித்தான். எதற்காகப் பயிற்சி என்பதிலேதான் எல்லாம் அடங்கியிருக்கின்றது.

கணக்குப் புரட்டு

மூன்றாவது, நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்தும் தலையெண்ணிக்கையில் முடிந்துபோகின்ற திட்டங்கள். 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா என்னும் திட்டத்தைத் தணிக்கை செய்த மத்திய கணக்குத் தணிக்கையதிகாரியின் அறிக்கை 2025 டிசம்பரில் பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. 95 லட்சத்துச் சொச்சம் பேர் கணக்கில், 100-க்கு 94 பேருக்கு மேல் பாங்குக் கணக்கு எண் இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யமோ வெற்றிடமோதான் இருந்ததாம். சர்ட்டிபிகேட் வாங்கியவர்களில் வேலைக்குச் சேர்க்கப்பட்டவர்கள் 100-க்கு 41 பேர்தானாம். விலாசமில்லாத பிதிர்களுக்கு வருஷாவருஷம் பிண்டம் அனுப்பும் நாட்டில், எண்ணில்லாத கணக்குகளைப் பதிந்து வைத்துக்கொண்டதில் ஆச்சரியம் என்ன இருக்கின்றது?

நெசவு, பின்னல், உடுப்புத் தொழில்களுக்கென்றே 2017 டிசம்பரில் ‘சமர்த்’ என்னும் திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்களில் 100-க்கு 70 பேருக்காவது கூலிவேலை கிடைத்தாகவேண்டும் என்று நிபந்தனை. நல்ல நிபந்தனையே. 2024-ல் அதை இன்னும் 2 வருஷம் நீட்டி, 3 லட்சம் பேருக்கு 495 கோடி ரூபாய் என்றார்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 16,500 ரூபாய். இந்தப் பணம் கொடுப்பது பயிற்சி நடத்துகின்றவருக்கு. பயிலுகின்றவர் மூன்று மாதம் வயிற்றுக்கு என்ன செய்வார் என்பதே கேள்வி. சனிக்கிழமை சம்பளம் வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை உலை என்று இருக்கின்ற ஊரில், சம்பளமில்லாத பயிற்சிக்கு யார் வருவார்கள்? வீட்டில் சாப்பாடு உள்ளவன் வருவான். யாருக்காகத் திட்டமோ அவன் வரமாட்டான்.

வேலையில்லாதவர்களுக்கு நம் மாகாணச் சர்க்கார் கொடுக்கும் உதவித் தொகையையும் பாருங்கள். பத்தாவது தவறினவருக்கு மாதம் 200 ரூபாய், தேறினவருக்கு 300, பன்னிரண்டாவது தேறினவருக்கு 400, பட்டதாரிக்கு 600. அதுவும் மூன்று வருஷத்துக்கு. அதை வாங்க 5 வருஷம் பதிவு செய்து காத்திருக்க வேண்டும்! காதர்பேட்டையில் ஒரு நல்ல டெய்லர் இரண்டு நாளில் சம்பாதிப்பதைக்கூட ஒரு பட்டதாரிக்கு மாதத்துக்குக் கொடுப்பதில்லை. வேலை தேடிப் பஸ் ஏறினால் டிக்கெட்டுக்கே சரியாகப் போகும். இதை உதவி என்பதா, சமாதானம் என்பதா?

மேல்படிப்புக்கு வழியில்லை என்று சொல்ல முடியாது. 1997-ல் ஏற்றுமதியாளர் சங்கத்தார் பின்னலாடைக் கல்லூரி ஒன்றைத் திருப்பூரிலேயே ஏற்படுத்தினார்கள். அது நல்ல காரியம். ஆனால் மாடிக்குப் போக மாடிப்படி வைத்தவர்கள், தரையிலிருந்து முதற்படிக்கு ஏற வழி வைக்கவில்லை.

சோம்பேறிப் பட்டம்

இனி ஆட்சேபணைக்காரர்களைக் கவனிப்போம். “உள்ளூர்க்காரர்கள் சோம்பேறிகள், வடநாட்டார்தான் வேலை செய்கின்றார்கள், இவர்களுக்குப் பயிற்சி எதற்கு?” என்பது ஒரு ஆட்சேபணை. வாஸ்தவம் என்னவென்றால், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தோழர் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து, கம்பெனி கொடுத்த அறையில் படுத்திருக்கின்றார். ஒன்றரை ஷிப்ட் என்றாலும், இரவு என்றாலும் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வருவார். உள்ளூர்ப் பெண்ணுக்கு ஆறரை மணிக்குப் பிள்ளையைப் பார்க்கவேண்டும். பன்னிரண்டு மணி நேரம் முடியாது என்று சொல்லுவதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்தால், எட்டு மணி நேரச் சட்டம் செய்தவர்கள் எல்லோரும் சோம்பேறிகள்தான்.

அதேசமயம், “வடநாட்டானை விரட்டு, வேலை தானாகக் கிடைக்கும்” என்று சொல்லுகின்றவர்களையும் நாம் நம்பவில்லை. 2023 மார்ச்சு மாதத்தில் பீகார்த் தொழிலாளிகள் இங்கே அடித்துக் கொல்லப்படுவதாகப் பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். பயந்துபோய் எத்தனையோ பேர் ரயில் ஏறினார்கள். அதனால் எந்த உள்ளூர் வாலிபனுக்கு மெஷின் கிடைத்தது? திருப்பூரே வந்தவர்களால் ஆன ஊர். மதுரையிலிருந்தும், தேனியிலிருந்தும், திண்டுக்கல்லிலிருந்தும் வந்தவர்கள் நேற்றைய அன்னியர்கள், இன்று உள்ளூர்க்காரர்கள். அங்கே வசிப்பவர், அங்கே பாடுபடுபவர் யாரோ அவர்தான் உள்ளூர்க்காரர். இருவரையும் மோதவிட்டு இருவர் கூலியையும் குறைப்பதே லாபக்காரரின் வழக்கம். பயிற்சியும் கூலிச் சட்டமும் இருவருக்கும் சமமாக இருந்தால் மோதுவதற்கு இடமேது?

“பயிலுகின்றவனுக்குக் கூலி கொடுத்தால் கம்பெனி நஷ்டப்படாதா?” என்பது அடுத்த ஆட்சேபணை. சேர்ந்த முதல் நாளே பிசிறு வெட்டுகின்றான், கட்டுச் சுமக்கின்றான், துணி மடிக்கின்றான். அந்த வேலையை வேறு ஆள் செய்தால் கூலி உண்டு. இவன் செய்தால் பயிற்சியா? அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவு, பயிலுகின்றவர் தொழிலாளியல்ல என்றே சொல்லுகின்றது. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, தொழிலாளர்கள் வருஷக்கணக்காகப் போராடி வாங்கியதையெல்லாம் தட்டிக் கழித்துவிடலாம். 1984-ல் திருப்பூர்த் தோழர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அத்தனை நாள் பட்டினி கிடந்து வாங்கியதை, ‘நீ தொழிலாளியல்ல, பயிலுகின்றவன்’ என்ற ஒரு வார்த்தையால் பறித்துக்கொள்ள விடலாமா?

தானாக நியாயம் வரும் என்று காத்திருக்கவும் முடியாது. தையல் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலியை 2004-க்குப் பிறகு 2014 டிசம்பரில்தான் சர்க்கார் உயர்த்தியது. அதையும் எதிர்த்து முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். உத்தரவு செல்லும் என்று சென்னை ஹைக்கோர்ட்டு சொல்லுவதற்கு 2016-ம் வருஷம் ஆயிற்று. தொழில் தெரிந்தவர்களுக்கே 12 வருஷமென்றால், தொழில் பயிலுகின்றவர்களுக்கு எத்தனை வருஷம்?

நாம் கேட்பது

ஆகவே நாம் கேட்பதெல்லாம் தர்மமல்ல, நியாயமே. பயிற்சி என்று யார் எதை நடத்தினாலும் அதில் கீழ்க்கண்டவை இருக்கவேண்டும்.

முதலாவது, முதல் நாளிலிருந்தே கூலி. அது குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக்கூடாது. வாரக் கடைசியில் கையில் வரவேண்டும். மூன்று வருஷம் கழித்து மொத்தமாக அல்ல.

இரண்டாவது, முடிகின்ற தேதி. இன்ன நாளில் தொடங்கி இன்ன நாளில் முடியும் என்று எழுத்தில் இருக்கவேண்டும். முடிகின்ற தேதி இல்லாத பயிற்சி, முடிவில்லாத கூலிக் குறைப்பு.

மூன்றாவது, முழுத் தொழில். ஓவர்லாக்கில் ஒரு பக்கம் தைக்க மாத்திரம் பழக்கிவிட்டால், அந்த ஆள் அந்த மெஷினுக்கு ஒரு உதிரிப் பாகம். கட்டிங், பேட்டர்ன், மெஷின் ரிப்பேர், கணக்கு, சரக்கு வாங்கி விற்கும் வியாபாரம் எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். காதர்பேட்டை வியாபாரத்தில் பாதிச் சூட்சுமம் கணக்கில்தான் இருக்கின்றது.

நான்காவது, பெண்களுக்குப் பாதி இடம், கட்டிங் மேஜையிலும் சேர்த்து. கத்தரிக்கோல் ஆணுக்கு, பிசிறு பெண்ணுக்கு என்று எந்தத் துணியில் எழுதியிருக்கின்றது? வருஷத்துக்கொருமுறை மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பொரிகடலை படைக்கின்றார்கள். எத்தனை மூட்டைப் பொரி படைத்தாலும் மெஷின் ஒருவருக்கும் தானாகத் தொழில் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தப் பொரிச் செலவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அறை வைத்தால், பத்துத் தாய்மார்கள் நிம்மதியாய்த் தொழில் கற்பார்கள்.

ஐந்தாவது, பகிரங்கக் கணக்கு. இந்த மாதம் எத்தனை பேர் பயின்றார்கள், எத்தனை பேருக்கு என்ன கூலியில் வேலை கிடைத்தது, ஒரு வருஷம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருக்கின்றார்கள் என்று நகரசபைப் பலகையில் எழுதி மாட்ட வேண்டும். தெருவில் போகின்றவர் படிக்கும்படி தமிழிலும், வந்த தோழர்கள் படிக்கும்படி அவர்கள் பாஷையிலும் எழுதவேண்டும்.

ஆறாவது, வேலை போன காலத்துக்கும் உதவி. 2011 ஜனவரியில் நொய்யலாற்று வழக்கில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டபோதும் அடிபட்டது யார்? ஆற்றைக் கெடுத்தது தொழிலாளியல்ல. வரி போட்டதும் தொழிலாளியல்ல. பட்டினி மாத்திரம் தொழிலாளிக்கு. ஆர்டர் இல்லாத மாதங்களில் பாதிக் கூலியோடு பயிற்சி என்று வைத்தால், பட்டினியும் குறையும். அடுத்த மெஷினும் கைவரும்.

இவைகளுக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். 40,000 கோடி ரூபாய்க்குச் சரக்கு போகின்ற ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்கின்றவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக் கொள்ளுகின்றார்கள்.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பையனையோ பெண்ணையோ யாராவது பயிற்சிக்குக் கூப்பிட வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன கூலி? எந்தத் தேதியில் முடியும்? முடிந்தால் கையில் என்ன எழுத்து? மூன்றுக்கும் எழுத்தில் பதில் கொடுத்தால் தைரியமாய் அனுப்புங்கள். “அதெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம், பெண்ணின் கல்யாணத்துக்கு ஆகுமே” என்று பேச்சு திரும்பினால், வந்தவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து வழியனுப்பி வையுங்கள். அப்படியே, உங்கள் பையன் கல்யாணத்துக்கு ஒரு பவுனும் கேட்காதீர்கள். நீங்கள் கேட்கின்ற பவுனுக்காகத்தான் எங்கோ ஒரு பெண் மூன்று வருஷம் பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டு நிற்கின்றாள். காதர்பேட்டையிலுள்ள தோழர்கள் நகரசபை அங்கத்தினரைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பலகை எங்கே என்று கேளுங்கள். பலகை மாட்டும்வரை கேளுங்கள்.